நெற்றியில் மூன்று கோடுகள்

சத்யப்பிரியாதான் அவனை முதலில் பார்த்தாள். மே மாதம், மதியம் மூன்று மணி. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கரும்புச்சாறு வண்டியைச் சுற்றி நின்ற ஆண்கள் எல்லாரும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார்கள். இசக்கிபாண்டி மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானும் மாட்டியிருந்தான். டம்ளரைத் தூக்கும்போது சட்டைக் கை கொஞ்சம் மேலே ஏறியது. உடனே அடுத்த கையால் அதைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

அந்தக் கையில் அவனுடைய அம்மாவின் முகம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அதை டாட்டூவாகக் குத்தியவள் சத்யப்பிரியா.

"கை நல்லா ஆறிடுச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் போனாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "சூப்பரா ஆறிட்டுக்கா. நீங்க நல்லாருக்கீயளா?" என்றான். சிரித்தான். கையைக் காட்டவில்லை. மிச்சச் சாற்றை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஒரகடம் பஸ் கிளம்புகிறது என்று சொல்லி ஓடினான். பஸ் அதற்கப்புறம் பத்து நிமிடம் அங்கேயேதான் நின்றது.

புதிதாக டாட்டூ போட்டவர்கள் கேட்காமலே காட்டுவார்கள். ஐந்து வருடமாக அவள் பார்த்து வந்த விஷயம் அது. மழையில் நனைந்துகொண்டு வந்தாலும் சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். மறைக்கிறவன் ஒருவனை அவள் அன்றுதான் பார்த்தாள்.

சத்யப்பிரியாவுக்கு முப்பத்தொரு வயது. பிள்ளைப்பாக்கத்தில் வீடு. பி.காம். முடித்து, போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இரண்டு வருடம் அசெம்பிளி லைனில் நின்றாள். பிறகு வடபழனியில் ஆறு மாதம் டாட்டூ கற்றுக்கொண்டு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மொபைல் கடைக்கு மேலே முதல் மாடியில் கடை போட்டாள். வார விடுமுறை நாளில் கூட்டம் இருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள்தான் முக்கால்வாசி. வேல், சிலுவை, சிங்கம், காதலியின் பெயர். ஆறு மாதம் கழித்து அந்தப் பெயரை மறைக்க அதன்மேல் ஒரு கழுகு. எல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை.

முகம் மட்டும் அவள் குத்தியதில்லை. இசக்கிபாண்டி கேட்டதுதான் முதல் முகம். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் இருந்தான் அவன். முந்தின தை மாதம் அம்மா இறந்துபோயிருந்தாள். ரேஷன் கார்டிலிருந்து எடுத்த படம் ஒன்றைப் போனில் வைத்திருந்தான். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி நேரம் உட்கார்ந்து அந்த முகத்தை அவன் முன்கையில் குத்தி முடித்தாள். அவன் கண்ணாடி முன் நின்று ரொம்ப நேரம் பார்த்தான். "நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் இன்ஸ்டாகிராமில் போட்ட படங்களிலேயே அதிகம் பேர் விரும்பியது அதுதான்.

கரும்புச்சாறு வண்டிக்குப் பிறகு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒரு குறையும் தெரியவில்லை. நிழல் சரியாக விழுந்திருந்தது. இரண்டு கண்ணும் ஒரே அளவு. அப்புறம் எதற்காக மறைத்தான்?

அடுத்த வாரம் ஒரு பெண் தன் அப்பாவின் முகம் வேண்டுமென்று வந்தாள். சத்யப்பிரியா படத்தைத் தோலில் ஒற்றி எடுத்து, மெஷினைக் கையில் பிடித்தாள். கை நடுங்கியது. காபி அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் கொஞ்சம் பொறுத்தாள். மறுபடி எடுத்தாள். ஊசி நுனி தோலுக்கு மேலே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மெஷின் ரிப்பேர் என்று பொய் சொல்லி அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டாள். அவள் பூந்தமல்லியில் வேறு கடையில் குத்திக்கொண்டதாகப் பின்னால் தெரிந்தது.

அதற்கப்புறம் சிங்கத்தின் கண் வரும்போது நடுங்கியது. பிறகு வெறும் காகிதத்தில் பென்சிலால் வரைய உட்கார்ந்தபோதும் நடுங்கியது. ஜூன் மாதம் முழுக்க எழுத்துகள் மட்டும் குத்தினாள். 'அம்மா', 'அப்பா', பிறந்த தேதி, இங்கிலீஷில் பெயரின் முதல் எழுத்து. எழுத்துக்குக் கை ஆடவில்லை.

அவள் கணவன் கோபால் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். குன்றத்தூரிலிருந்து ஆட்களை ஏற்றி ஒரகடத்தில் இறக்கி, ஷிஃப்ட் முடிந்தவர்களைத் திருப்பி ஏற்றி வருவான். ஒருநாள் அவள் டீ டம்ளரை நீட்டும்போது பார்த்துவிட்டான்.

"இன்னாத்துக்கு கை இப்டி ஆடுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா டீ ஏன் தரைல கீது? நாளைக்கு டாக்டராண்ட போலாம் வா."

டாக்டர் அவள் வயதுக்காரிதான். சர்க்கரை, தைராய்டு எல்லாம் எடுத்துப் பார்த்தாள். எதிலும் கோளாறு இல்லை. "எப்ப நடுங்குதுன்னு ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க. என்ன டைம், என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு தூங்கினீங்க, அப்ப என்ன செஞ்சிட்டிருந்தீங்க. அவ்வளவுதான்" என்றாள்.

பஸ் கான்ட்ராக்டர் கோபாலுக்குக் கொடுத்த போன வருடத்து டைரி ஒன்று வீட்டில் பிரிக்காமல் கிடந்தது. தேதி பொருந்தாது. பரவாயில்லை என்று அதிலேயே ஆரம்பித்தாள்.

'காலை 11.20. இரண்டு இட்லி, ஒரு காபி. ஆறு மணி நேரத் தூக்கம். ஜே என்ற எழுத்து. நடுங்கவில்லை.'

'மதியம் 2.10. சாப்பிட்டுவிட்டேன். மயில் இறகு. நடுங்கவில்லை.'

'மதியம் 2.50. அதே ஆளுக்கு மயிலின் தலை. கண் வைக்கும்போது நடுங்கியது. கண் இல்லாமலே போதும் என்று சொல்லிவிட்டேன். மயில் குருடாகத்தான் போயிருக்கிறது.'

மயில் குருடாகப் போனது டாக்டருக்குத் தேவையில்லாத தகவல் என்று தோன்றியது. ஆனாலும் அந்த வரியை அடித்துவிடவில்லை. அடுத்த நாளும் அதுபோல ஒரு வரி சேர்ந்தது. அதற்கடுத்த நாள் நாலு வரி. பத்தாம் நாள் முதலிலிருந்து புரட்டியபோது, தூக்கத்துக்கும் காபிக்கும் இதில் சம்பந்தமே இல்லை என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது. கண், மூக்கு, வாய் என்று எதுவும் வராதவரை கை கல்லு மாதிரி நின்றது.

டாக்டர் டைரியைப் படித்துவிட்டு மூடித் தந்தாள். "நரம்புல ஒண்ணும் இல்லம்மா. இதுக்கு நான் மாத்திரை எழுத முடியாது. நீங்க எழுதறதை நிறுத்திடலாம்."

அவள் நிறுத்தவில்லை. காலையில் கடையைத் திறந்ததிலிருந்து முதல் ஆள் வரும்வரை ஒரு மணி நேரம் சும்மாதான் கிடக்கும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஏதாவது வரைவாள். இப்போது வரைய வரவில்லை, எழுத வந்தது. கீழே கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும் சத்தத்தில் உட்கார்ந்து எழுதினாள்.

முதலில் அந்த பிப்ரவரி ஞாயிறைப் பற்றி எழுதினாள். படம் சரியில்லை என்று எழுதினாள். 'ரேஷன் கார்டில் இருந்த தம்மாத்துண்டுப் படம். அதைப் பெரிதாக்கினால் என்ன தெரியும்? இவ்வளவு வந்ததே பெரிது.' இரண்டு நாள் அது போதுமானதாக இருந்தது. பிறகு அவனைப் பற்றி எழுதினாள். 'பிடிக்கவில்லை என்றால் அப்போதே சொல்லவேண்டியதுதானே. நல்லாருக்குக்கா என்று சொல்லிவிட்டு, ஊரெல்லாம் மறைத்துக்கொண்டு திரிந்தால் என் பெயர்தானே கெடும்.' இது இன்னும் கொஞ்ச நாள் தாங்கியது.

ஜூலை நடுவில் வேறு ஒன்று வந்தது.

'நான் ஆர்ட்டிஸ்ட் இல்லை. எனக்குப் பார்த்து வரையத்தான் தெரியும். பிளஸ் டூவில் கிளாஸில் எல்லாருடைய ரெக்கார்டு நோட்டிலும் செம்பருத்திப் பூவின் குறுக்கு வெட்டை நான்தான் வரைந்தேன். முப்பத்தாறு செம்பருத்தி. புக்கில் இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று மிஸ் சொன்னார்கள். எங்கள் வீட்டு வாசலிலேயே செம்பருத்திச் செடி இருந்தது. ஒரு தடவைகூட அதைப் பறித்து வெட்டிப் பார்க்கவில்லை.'

இதை எழுதியதும் அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்தைக் கிழிக்கலாமா என்று நினைத்தாள். அதற்குள் கீழேயிருந்து இரண்டு பேர் படியேறி வந்தார்கள். டைரியைப் பையில் போட்டுவிட்டாள்.

அந்தப் பையைத்தான் கோபால் அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் அவளிடமிருந்து வாங்கி வண்டியில் மாட்டினான். அவள் மாவு வாங்கப் போய்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள். திரும்பி வந்தபோது கோபால் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. வீடு வந்து வண்டியை நிறுத்தியபிறகுதான் சொன்னான்.

"சத்யா, தப்பா எடுத்துக்காத. அந்த டைரிய படிச்சுட்டேன்."

"எதுக்குப் படிச்ச?"

"சாவி தேடச்சொல்ல கைல வந்துச்சு. ரெண்டு பக்கம்தான் பாக்கலாம்னு... படிச்சுகினே போய்ட்டேன்."

அவள் மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"நான் ஒண்ணு சொல்லட்டா? போட்டோ மேல பழி போட்ட. அப்பால அந்தப் புள்ள மேல பழி போட்ட. இப்ப உன் மேலயே போட்டுகினுகீற. ஆனா அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு மட்டும் அதுல எங்கியும் காணோம்."

"உனக்கு இன்னா தெரியும் என் வேலயப் பத்தி?"

"ஒண்ணும் தெரியாது. பஸ் இடிச்சா எங்க ஆபீஸ்ல எழுதித் தரச் சொல்வாங்க. யார் தப்புன்னு எழுதினா திருப்பிக் குடுத்துருவாங்க. எத்தினி மணிக்கு எடுத்த, எங்க திரும்பின, முன்னாடி இன்னா போச்சு, அதத்தான் கேப்பாங்க. அதான் சொன்னேன்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. தன் மனசை அவன் பஸ் இடித்த கணக்கில் சேர்த்துவிட்டான் என்று தோன்றியது. மறுநாள் டைரியைத் தொடவில்லை. நாலு நாள் தொடவில்லை. அந்த நாலு நாளும் இரண்டு பேரும் சாப்பாட்டுக்கும் சாவிக்கும் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் கடையில் ஆளே இல்லை. டைரியை எடுத்து, புதுப் பக்கத்தில் 'காலை 10.15. இசக்கிபாண்டி வந்தான்' என்று எழுதினாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினாள். எளிதாக இல்லை. 'நாற்காலியில் உட்கார்ந்தான். நீலச் சட்டை. போனைக் காட்டினான். படம் ரொம்பத் தெளிவாக இருந்தது.' இந்த இடத்தில் பேனா நின்றது. தெளிவாக இருந்ததா? படம் சரியில்லை என்றல்லவா முன்பு எழுதியிருந்தாள். பின்னால் புரட்டிப் பார்த்தாள். ஆமாம், தம்மாத்துண்டுப் படம் என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. தனக்கு மட்டும் எழுதும்போதுகூடப் பொய் எழுத முடியும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று ஒரு மணி நேரத்தில் அரைப் பக்கம்தான் நகர்ந்தது. அடுத்த நாள் இன்னும் அரைப் பக்கம். மெஷின் ஓடிக்கொண்டிருந்த நேரத்துக்கு வந்தபோது, அவன் பேசிக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது. வலிக்காமல் இருக்கப் பேசுகிறான் என்று விட்டுவிட்டிருந்தாள். ஃபேன் ஓடுகிற மாதிரி அது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 'ம், ம்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன பேசினான்?

'பீடி. அவன் அம்மா பீடி சுற்றுகிறவள். ஊர் ஆலங்குளம் பக்கம். பெயர் சொர்ணம்மாள். மடியில் சொளகு வைத்துக்கொண்டு சுற்றுவாள். வேறு என்ன? சொளகு என்றால் முறம் என்று சொன்னான். நான் சிரித்தேன். அப்புறம் ஏதோ கண்ணைப் பற்றிச் சொன்னான். ஞாபகமில்லை. நான் அப்போது கண்தான் குத்திக்கொண்டிருந்தேன்.'

அதற்கு மேல் வரவில்லை. குத்துவதற்கு முந்தின அரை மணி நேரத்துக்குத் திரும்பிப் போனாள். போனில் இருந்த படத்தைப் பார்த்து டிரேசிங் தாளில் வரைந்த நேரம். அங்கே ஒன்று இருந்தது.

'நெற்றியில் மூன்று கோடு இருந்தது. படத்தில் லேசாகத்தான் தெரிந்தது. நான் முதலில் வரைந்தேன். பிறகு ரப்பரால் அழித்தேன். இடது கண் கொஞ்சம் சின்னதாக இருந்தது. அதைப் பெரிதாக்கினேன். அவனைக் கேட்கவில்லை.'

ஏன் அழித்தாய் என்று தன்னையே கேட்டு அடுத்த வரியை எழுதினாள். 'வயதான மாதிரித் தெரியும் என்று.' அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள். 'கோடு வளைந்து போனால் என் கை தப்பு என்று சொல்வார்கள். மொழுமொழுவென்று இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனக்குப் பயம். முதல் முகம். அவன் அம்மாவைவிட என் பெயரைத்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.'

அன்று வீட்டுக்குப் போனதும் கோபாலிடம், "அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவன் "படிக்கட்டா?" என்று கேட்டான். "வேணாம்" என்றாள். அவனும் சரி என்று விட்டுவிட்டான்.

இசக்கிபாண்டியின் நம்பர் கடை ரெஜிஸ்டரில் இருந்தது. இரண்டு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, ஷிஃப்ட் முடிந்து ஒருநாள் சந்திப்பதாகச் சொன்னான். வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு டீக்கடையில் வந்து நின்றான். கம்பெனி யூனிஃபார்மிலேயே இருந்தான். அதுவும் முழுக்கை.

"தம்பி, நேராவே கேக்கறேன். அந்த டாட்டூ அம்மா மாதிரி இல்லதானே?"

அவன் டம்ளரைப் பார்த்தான். "நல்லாத்தான்க்கா இருக்கு."

"நல்லா இருக்குன்னு எனக்கும் தெரியும். அம்மா மாதிரி இருக்கா?"

"கோவப்படாதீய." குரல் இறங்கிப்போயிற்று. "இல்லக்கா. குத்தி முடிச்ச அன்னைக்கே தங்கச்சிக்கு வீடியோ கால்ல காட்டுனேன். வேல்விழி ஊர்ல காலேஜ் படிக்கா. பாத்துட்டு, 'யாருண்ணே இது?'ன்னு கேட்டுட்டா. அம்மைன்னு சொன்னதும் அழுதுட்டா. அதுலேர்ந்து அவ கால் பண்ணா கையக் காட்டுறதில்ல. அப்புறம் யார்ட்டயும் காட்டப் புடிக்கல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? நீங்க நாலரை மணி நேரம் குனிஞ்சே உக்காந்துருந்தீய. எந்திரிக்கும்போது இடுப்பப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சீய. அப்பப் போயி நல்லால்லன்னு எப்படிக்கா சொல்ல?"

சத்யப்பிரியா தான் எழுதியதை அவனிடம் சொன்னாள். நெற்றிக் கோட்டை அழித்ததை, கண்ணைச் சரிசெய்ததை, அவன் பேசியதைக் கேட்காமல் விட்டதை. சொல்லும்போது டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில் தலையைச் சொறிந்தான்.

"நானும் ஒண்ணு பண்ணிட்டேன்க்கா. ரேசன் கார்டுல படம் மங்கலா இருந்துச்சு. ஒரு ஆப்புல போட்டு தெளிவாக்குனேன். அதுலயே பாதி சுருக்கம் போயிட்டு. அம்ம சின்ன வயசுல இப்படித்தான் இருந்துருப்பான்னு நெனச்சு எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு."

ரோட்டில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீளமான லாரி ஒன்று மெல்லத் திரும்பியது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன.

"கண்ணப் பத்தி அன்னிக்கு ஏதோ சொன்ன. எனக்கு ஞாபகம் இல்ல. திரும்பச் சொல்றியா?"

அவன் முகம் மாறியது. "எங்கம்ம யாரையும் நேராப் பாக்கவே மாட்டாக்கா. எந்நேரமும் குனிஞ்சு பீடிதான் சுத்திக்கிட்டிருப்பா. நான் ஸ்கூல் விட்டு வந்து நின்னம்னா தல நிமிராது. கண்ண மட்டும் மேல தூக்கிப் பாப்பா. அதுவும் இடது கண்ணு பாதிதான் தொறக்கும். அந்த மாதிரி பாத்தான்னா, சோறு இருக்கு போட்டுத் தின்னுன்னு அர்த்தம். கொஞ்சம் கூடப் பாத்தான்னா, எங்கல சுத்திட்டு வாரன்னு அர்த்தம்." சொல்லிக்கொண்டே அவனே தலையைக் குனிந்து கண்ணை மட்டும் தூக்கிக் காட்டினான். அவன் நெற்றியில் கோடுகள் எழுந்தன.

சத்யப்பிரியா பையிலிருந்து டைரியை எடுத்தாள். "அப்டியே இரு" என்றாள்.

பென்சில் நடுங்கத்தான் செய்தது. கோடு கோணலாகப் போயிற்று. அது டைரி, யாருடைய தோலும் இல்லை. கோணலின் மேலேயே இன்னொரு கோடு போட்டாள். அவன் எட்டிப் பார்த்து, "இது நான்லா" என்று சிரித்தான். "அம்மைக்கு புருவம் இவ்ளோ கெடையாது."

ஆகஸ்ட் மாதம் நாலு ஞாயிறும் அவன் கடைக்கு வந்தான். மெஷினை அவள் எடுக்கவே இல்லை. அவன் சொல்லச் சொல்ல வரைந்தாள். கேட்டதை முதலில் எழுதிவிட்டு அப்புறம் வரைந்தாள். பீடி இலையை வெட்டும்போது உதட்டைக் கடிப்பாள், காதில் தோடு தொங்கித் தொங்கி ஓட்டை கிழிந்திருக்கும், சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். எழுதியதில் பாதியை வரைய முடியாது. ஆனாலும் எழுதிய பிறகு வரைந்த முகத்தில் ஏதோ ஒன்று வேறாக இருந்தது. முதல் பத்துப் படத்தில் எதுவும் சொர்ணம்மாள் இல்லை. ஒன்றைப் பார்த்து, "இது எங்க பெரியம்ம" என்றான். அது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பெரியம்மா வரை வந்துவிட்டால் அம்மா தூரமில்லை. பதினான்காவது படத்தை அவன் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

டாட்டூவில் ஏற்கெனவே இருப்பதை அழிப்பது கஷ்டம், இல்லாததைச் சேர்க்கலாம். குனிந்த தலையை இனிமேல் கொண்டுவர முடியாது. நெற்றிக் கோடுகளைக் கொண்டுவரலாம், இடது இமையைக் கனமாக்கிக் கண்ணைப் பாதி மூடலாம், புருவத்தை லேசாகத் தூக்கலாம். இதையெல்லாம் அவனுக்குக் காகிதத்தில் காட்டினாள். "தப்பாப் போனாலும் போலாம். யோசிச்சு சொல்லு" என்றாள். அவன் ஒரு வாரம் யோசித்து, சரி என்றான்.

செப்டம்பரில் முதல் ஞாயிறு. அவன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். அவள் கையுறை மாட்டி மெஷினை எடுத்தாள். நடுங்கியது.

"தம்பி, கை ஆடுது. கொஞ்சம் பொறு" என்று சொன்னாள். இப்படி ஒரு வார்த்தையை வந்தவர்களிடம் அவள் சொன்னதே இல்லை.

"பொறுக்கேன்க்கா. எனக்கு இன்னைக்கு ஆஃப்தான்."

"நீ பேசு."

"என்ன பேச?"

"உங்கம்மா உன்ன அடிச்சிருக்காங்களா?"

அவன் சிரித்துவிட்டான். அடித்த கதை நிறைய இருந்தது. பீடிக் கட்டைத் திருடி விற்றுப் பரோட்டா தின்றதற்கு அடித்ததைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் முதல் கோட்டை ஆரம்பித்தாள். இந்தத் தடவை அவன் பேச்சு காதில் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் இரண்டு தடவை நிறுத்திக் கேள்வி கேட்டாள். இரண்டாவது கோடு முடியும்போது கை நின்றுவிட்டதைக் கவனித்தாள். எப்போது நின்றது என்று தெரியவில்லை. மூன்றாவது கோடு நடுவில் லேசாக வளைந்தது. வளைந்ததை அவனிடம் காட்டினாள்.

"அம்மைக்கும் நேராவா இருந்துச்சு?" என்றான். "விடுங்கக்கா."

முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவன் கண்ணாடி முன் நிற்கவில்லை. கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். "அம்ம இப்ப கோவமாப் பாக்கா" என்று மெதுவாகச் சொன்னான். பிறகு போனை எடுத்துத் தங்கச்சியைக் கூப்பிட்டான்.

வேல்விழி திரையில் வந்தாள். அவன் ஒன்றும் சொல்லாமல் கையைக் காட்டினான். சத்யப்பிரியா ஊசிகளைக் கழற்றிப் போடுவதுபோல் திரும்பி நின்றுகொண்டாள்.

"கண்ணு அம்மதான்" என்று போனிலிருந்து குரல் வந்தது. "நெத்தியும் அம்மதான். மூக்கு இல்லண்ணே."

"மூக்குக்கு என்னட்டி?"

"அம்ம மூக்கு இப்படியா கூரா இருக்கும்? அந்த அக்காட்ட போனக் குடு."

சத்யப்பிரியா போனை வாங்கினாள். திரையில் அழுது சிவந்த சின்ன முகம் ஒன்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளைப் பார்த்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீய. மூக்கு நுனி கொஞ்சம் அகலம். வார்த்தையாச் சொல்லத் தெரியல. பொங்கல் கழிச்சு அண்ணனைப் பாக்க வாரேன். நேர்ல சொல்லித்தாரேன், சரியா?"

"வாம்மா. எனக்கும் மூக்கு இன்னும் சரியா புடிபடல" என்றாள் சத்யப்பிரியா. சொல்லும்போது வெட்கமாக இல்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இசக்கிபாண்டி போன பிறகு டைரியில் 'சொர்ணம்மாள் மூக்கு: நுனி அகலம். வேல்விழி வரும்போது கேட்க வேண்டும்' என்று எழுதினாள். மூக்கைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று யோசித்தாள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கி, பிள்ளைப்பாக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினாள். எதிர் சீட்டில் மூன்று பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூக்குத்தி போட்ட மூக்கு ஒன்று, சளி பிடித்துச் சிவந்த மூக்கு ஒன்று, மாஸ்க்குக்கு மேலே பாதி தெரிந்த மூக்கு ஒன்று. வீடு வரும்வரை அவள் அந்த மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூக்குத்திக்காரி கடைசியில் பொறுக்கமுடியாமல், "இன்னாக்கா, மூஞ்சில எதுனா ஒட்டிகினுகீதா?" என்று கேட்டேவிட்டாள்.